‘டேக்’ என்னும் வினைச்சொல்

சில ஆண்டுகளுக்கு முன் பட்டப் படிப்பை முடித்த மாணவர் ஒருவர், ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. தட்டச்சில் ஆங்கிலம் ‘ஹையர்’ தேறியவர். தேர்வு நடத்தியவர் மாணவரின் சான்றிதழ்க் கோப்பைப் புரட்டிப் பார்த்து, அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, ‘ஐ டேக் இட் யூ நோ டைப்பிங்’ என்றார். மாணவரின் காதில் தெளிவாக விழுந்தவை ‘டேக் இட்’ என்ற இரண்டு சொற்களே. ‘அதை எடுத்துக்கொள்’ என்று கூறுகிறார், தேர்வு முடிந்துவிட்டது என எண்ணினார். கோப்பை எடுத்துக்கொண்டார், எழுந்து வணக்கம் சொன்னார், வெளியே வந்துவிட்டார்.

‘உங்களுக்குத் தட்டச்சு தெரியும் என்று கருதுகிறேன்’ என்பதே அந்த வாக்கியத்தின் பொருள். மீண்டும் அழைத்தார்கள். ஆனால் அதற்குள் அவருடைய முகம் வியர்த்து, நாக்கு உலர்ந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்லே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். எனினும், பின்னொரு நாள் என்னைப் பார்க்க வந்தபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. “ஐயா, ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று ஆறாம் வகுப்பிலேயே படித்தேனே, அது எப்படித் தவறாகும்?”

அவர் படித்தது தவறன்று. ஆனால் அது ஒரு பகுதிதான். மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

நம் ‘எடு’

ஆங்கிலத்துக்குள் நுழையுமுன் நம் வீட்டுத் திண்ணையிலேயே சற்று உட்கார்வோம். ‘எடு’ என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் என்ன? கையால் தூக்குவது என்று உடனே சொல்வோம். அப்படியானால் ‘பசி எடுக்கிறது’ என்கிறோமே, அங்கே கை எங்கே வந்தது? தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். அது விலை கொடுத்து வாங்குவது. வயலில் களை எடுக்கிறோம். அது பிடுங்கி எறிவது. தேர்வில் மதிப்பெண் எடுக்கிறோம், அது பெறுவது. பிள்ளை வாந்தி எடுக்கிறது. அது வெளியே தள்ளுவது. வகிடு எடுப்பது தலைமுடியைப் பிரிப்பது. விழா எடுப்பது கொண்டாடுவது. தத்தெடுப்பது மகனாகவோ மகளாகவோ ஏற்பது. நொடித்துப்போன குடும்பம் மீண்டும் தலையெடுக்கிறது, அது நிமிர்வது.

இன்னும் ஒன்று. ‘படம் எடுத்தது’ என்றால் பாம்பு. ‘படம் எடுத்தார்’ என்றால் புகைப்படக்காரராக இருக்கலாம், சினிமாத் தயாரிப்பாளராகவும் இருக்கலாம். இரண்டே சொற்கள், பொருளோ மூன்று. இதில் நாம் யாரும் தடுமாறுவதில்லை. கல்யாண வீட்டில் ‘படம் எடுக்கிறார்கள், வா’ என்றால் பாம்பென்று எண்ணி யாரும் ஓடுவதில்லை. காரணம், நாம் ‘எடு’ என்ற சொல்லைத் தனியாகக் கற்கவில்லை. அது எந்தச் சொல்லோடு, எந்த இடத்தில், யார் வாயில் வருகிறது என்பதோடு சேர்த்தே கற்றோம்.

இந்த வழியைத் தொல்காப்பியர் அன்றே சுட்டியுள்ளார். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை, அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியலாம் என்பது கிளவியாக்கத்தில் அவர் காட்டும் நெறி. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. அவர் வகுத்தது தமிழுக்கே ஆயினும், ஆங்கிலத்தின் சிறு வினைச்சொற்களை அணுகவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சொல்லைப் பார்க்காதே, சொல்லின் சேர்க்கையைப் பார் என்பதே அது.

‘டேக்’ வந்த கதை

‘டேக்’ பிறப்பால் இங்கிலாந்துச் சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் எடுத்தலைக் குறித்த சொல் ‘நிமன்’ என்பது. ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்கும் ‘நேமன்’ அதன் உறவே. கி.பி. 793இல் வடகடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள லிண்டிஸ்பார்ன் மடாலயத்தைக் கொள்ளையிட்டனர். கொள்ளையடிக்க வந்தவர்களின் இனத்தார் அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். உழுதனர், பெண் எடுத்தனர், பெண் கொடுத்தனர். அவர்களுடைய மொழியிலிருந்து ‘டாக்கா’ என்ற வினை ஆங்கிலத்தில் நுழைந்தது. தொடுதல், பற்றுதல் என்ற பொருளோடு வந்த அச்சொல், சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ என்ற வீட்டுக்காரரையே வெளியேற்றிவிட்டது. உணர்வு மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் அந்தப் பழைய வினையின் எச்சமாக நிற்கிறது. உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பது அதன் அடிப்படைப் பொருள்.

வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, முட்டையைக் குறிக்கும் ‘எக்’, சன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’, கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’, அவர்கள் எனப் பொருள்படும் ‘தே’ ஆகியவையும் அதே வழியில் வந்தவைதாம். நாம் அஞ்சி நிற்கும் ஆங்கிலமும் பிறரிடம் சொல் எடுத்து வளர்ந்த மொழியே.

இந்தச் சொல்லுக்கு இறந்தகாலம் ‘டுக்’; முடிவெச்ச வடிவம் ‘டேக்கன்’. ‘ஷேக், ஷுக், ஷேக்கன்’ என்பதும் இதே போக்கில் மாறுவது. இரண்டையும் சேர்த்து மனனம் செய்தால் மறக்காது.

பொருள்களின் கிளைகள்

சாமுவேல் ஜான்சன் 1755இல் லண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் இந்த ஒரு வினைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை எண்ணிட்டுத் தந்தார். அத்தனையையும் இங்கே அடுக்கத் தேவையில்லை. அன்றாட வழக்குக்குச் சில கிளைகளைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, கொண்டு போதல். ‘டேக் அன் அம்ப்ரெல்லா’ என்றால் குடை கொண்டு போ. இங்கே ‘பிரிங்’ என்ற சொல்லோடு குழப்பம் நேர்கிறது. பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி வருவது ‘பிரிங்’; அங்கிருந்து விலகிச் செல்வது ‘டேக்’. தமிழில் ‘கொண்டு வா’, ‘கொண்டு போ’ என்று நாம் பிரிப்பதைப் போன்றதே இது. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நூலை ‘டேக் ஹோம்’ என்கிறோம். மறுநாள் அதைத் திருப்பித் தருமாறு நூலகர் சொல்லும்போது அது ‘பிரிங் பேக்’ ஆகிறது.

இரண்டாவது, பிடித்தல், தேவைப்படுதல். ‘இட் டேக்ஸ் டூ அவர்ஸ்’ என்றால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ‘இட் டேக்ஸ் கரேஜ்’ என்றால் அதற்குத் துணிவு வேண்டும். ‘டேக் யுவர் டைம்’ என்றால் அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்பதாகும். இதைக் கேட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஊர்தியும் வழியும். ‘டேக் தி பஸ்’ என்பதற்கு நம் வழக்கு ‘பஸ் பிடி’. ‘டேக் தி லெஃப்ட் டர்ன்’ என்றால் இடப்பக்கம் திரும்பு.

நான்காவது, உட்கொள்ளுதல். மாத்திரை சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்கிறோம். ஆங்கிலத்தில் மருந்தை ‘ஈட்’ என்று சொல்வதில்லை. ‘டேக்’ என்றே சொல்ல வேண்டும். உணவுக்கு வரும்போது இன்றைய பிரிட்டிஷ் பேச்சில் பெரும்பாலும் ‘ஹேவ்’ என்பார்கள். ‘டேக் யுவர் லஞ்ச்’ என்று நாம் விருந்தினரை உபசரிப்பது பழைய வழக்கின் சாயல். அதனால் பொருள் கெடாது. கேட்பவருக்குச் சற்றுப் பழைமையாகத் தோன்றும், அவ்வளவே.

ஐந்தாவது, பெயர்ச்சொல்லுக்குத் துணை நிற்றல். ‘டேக் எ வாக்’ என்றால் உலாவுதல். ‘டேக் எ லுக்’ என்றால் பார்த்தல். ‘டேக் ரெஸ்ட்’ என்றால் ஓய்வெடுத்தல். ‘டேக் எ சீட்’ என்றால் அமர்தல். ‘டேக் அன் ஓத்’ என்றால் உறுதிமொழி ஏற்றல். இங்கெல்லாம் பொருளைச் சுமப்பது பின்னால் வரும் பெயர்ச்சொல்தான். ‘டேக்’ வெறும் பல்லக்குத் தூக்கி. நாட்டுக்கு நாடு பல்லக்குத் தூக்கி மாறுவதும் உண்டு. முடிவெடுப்பதைப் பிரிட்டிஷார் ‘டேக் எ டிசிஷன்’ என்றும் சொல்வர். அமெரிக்கர் பெரும்பாலும் ‘மேக்’ என்பர். குளிப்பதை அமெரிக்கர் ‘டேக் எ பாத்’ என்பர். பிரிட்டிஷார் ‘ஹேவ்’ என்பர்.

கல்லூரிக்குள்ளேயே ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் வகுப்பு எடுப்பவர் ஆசிரியர் மட்டுமே. ஆங்கிலத்தில் ஆசிரியர் வகுப்பு நடத்துவதும் ‘டேக் எ கிளாஸ்’. மாணவர் ஒரு பாடத்தில் சேர்ந்து பயில்வதும், குறிப்பாக அமெரிக்க வழக்கில், ‘டேக் எ கிளாஸ்’. ஆனால் ‘டேக் அன் எக்ஸாம்’ என்பது தேர்வு எழுதும் மாணவருடைய வேலை. அங்கே நாங்கள் தப்பித்துக்கொள்கிறோம்.

ஆறாவது, ஏற்றல், பொறுத்தல், கருதல். ‘டேக் மை அட்வைஸ்’ என்றால் என் அறிவுரையை ஏற்றுக்கொள். ‘ஐ கான்ட் டேக் இட் எனி மோர்’ என்றால் இனி என்னால் பொறுக்க முடியாது. ‘டோன்ட் டேக் இட் சீரியஸ்லி’ என்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் தோளோடு தோள் நிற்பதைக் காணலாம். இதற்கு அடுத்த வீட்டில்தான் நம் மாணவரை வீழ்த்திய ‘ஐ டேக் இட்’ குடியிருக்கிறது. அதை ‘என்று எடுத்துக்கொள்கிறேன்’ எனத் தமிழாக்கினால் போதும், புரிந்துவிடுகிறது. ‘மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்’ என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

இரண்டு தொடர்களைத் தனியே நினைவில் வைக்க வேண்டும். ‘டேக் பிளேஸ்’ என்றால் நடைபெறுதல். விடைத்தாள்களில் ஆண்டுதோறும் ‘தி மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ்’ என்ற வாக்கியத்தைக் காண்கிறேன். அது பிழை. ‘தி மீட்டிங் டுக் பிளேஸ்’ என்பதே சரி. கூட்டம் தானே நடைபெறுகிறது. இத்தொடருக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை. மற்றொன்று, ‘டேக் லீவ்’. விடுப்பு எடுப்பதும் அதுவே. பின்னால் ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல்லும் ஓர் ஆளும் வந்தால், அவரிடம் விடைபெறுவதும் அதுவே.

ஒட்டி வரும் சிறு சொற்கள்

வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுவது ஆங்கிலத்தின் இயல்பு. வேற்று மொழியாருக்கு மிகுந்த இடர் தருவது இதுவே என்று ஜான்சன் தம் அகராதியின் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் அங்கே காட்டும் உதாரணங்களுள் ஒன்று ‘டேக் ஆஃப்’. நகலெடுப்பது என்று அதற்குப் பொருள் தருகிறார். அவர் காலத்தில் விமானம் இல்லை. இன்றோ ‘டேக் ஆஃப்’ என்றதும் விமானம் மேலெழுவதே நினைவுக்கு வருகிறது. சட்டையைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’தான்.

‘டேக் ஆஃப்டர்’ என்பது பெற்றோரையோ பாட்டன் பாட்டியையோ போலிருத்தல். ‘அப்பனை உரித்து வைத்திருக்கிறான்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே அது. ‘டேக் ஓவர்’ என்பது பொறுப்பேற்றல். புதிய அதிகாரி ‘சார்ஜ்’ எடுத்துக்கொள்வது இவ்வகை. ‘டேக் டவுன்’ என்பது சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுதலும் ஆகும். மேலிருப்பதைக் கீழே இறக்குதலும் ஆகும். ‘டேக் பேக்’ என்றால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுதல் என்றும் பொருள்படும். ‘டேக் அப்’ என்றால் ஒரு கலையையோ தொழிலையோ மேற்கொள்ளுதல். இடத்தை அடைத்துக்கொள்ளுதலும் அதுவே. ‘டேக் டு’ என்றால் ஒருவரிடமோ ஒன்றிலோ மனம் ஒட்டிவிடுதல்.

‘டேக் இன்’ என்ற தொடர் மேலும் சுவையானது. போக்கிடமில்லாதவருக்கு வீட்டில் இடம் கொடுத்தாலும் ‘டேக் இன்’. ஒருவரை ஏமாற்றினாலும் ‘டேக் இன்’. தொளதொளவென்ற சட்டையைத் தையற்காரர் பிடித்துக் கொடுத்தாலும், பாடத்தை மனத்தில் வாங்கிக்கொண்டாலும் ‘டேக் இன்’. எது என்பதை ஆளும் இடமும் சொல்லிவிடும். தையற்கடையில் யாரும் ‘டேக் இன்’ என்பதற்கு அடைக்கலம் என்று பொருள் கொள்ள மாட்டார்.

இங்கே ஒரு விதியும் உண்டு. ‘டேக் ஆஃப் யுவர் ஷர்ட்’ என்றும் சொல்லலாம். ‘டேக் யுவர் ஷர்ட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் சட்டையைச் சொல்லாமல் ‘அதை’ என்று சுட்டும்போது ‘டேக் இட் ஆஃப்’ என்று நடுவில்தான் வைக்க வேண்டும். ‘டேக் ஆஃப் இட்’ என்பது பிழை. ஆனால் ‘டேக் ஆஃப்டர்’ பிரியாது. ‘டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்’ என்றே வரும்.

கற்கும் முறை

இவ்வளவையும் எப்படி நினைவில் வைப்பது என்று மலைக்க வேண்டாம். ஆக்டன் என்ற ஆங்கில அறிஞர் 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என ஒரு சுருக்க மொழியை வகுத்தார். அதில் மொத்தம் 850 சொற்கள். வினைச்சொற்களோ 18 மட்டுமே. ‘டேக்’ அவற்றுள் ஒன்று. ‘கெட்’, ‘புட்’, ‘மேக்’, ‘கிவ்’, ‘கோ’, ‘கம்’, ‘கீப்’ முதலியவை அதன் கூட்டாளிகள். இச்சிறு வினைகள் சிறு சொற்களோடு கூடினால் பெரிய வினைகள் பலவற்றின் வேலையைச் செய்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. நம்மிற் பலர் இதற்கு நேர்மாறாகப் படிக்கிறோம். ஏட்டில் மட்டுமே வரும் நீண்ட சொற்களை மனப்பாடம் செய்கிறோம். வாயில் நாள்தோறும் வரும் சிறு சொற்களைத் தெரிந்தவை என்று விட்டுவிடுகிறோம். நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் கேட்கப்போவது சிறு சொற்களைத்தான்.

ஆகவே, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ‘டேக் என்றால் எடு’ என்று அதில் எழுதாதீர்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள். யார் யாரிடம் எப்போது சொன்னது என்றும் எழுதுங்கள். எதிரே அதே இடத்தில் நம் ஊரில் எப்படிச் சொல்வோம் என்று எழுதுங்கள். ‘இட் டேக்ஸ் டூ அவர்ஸ்’ என்பதற்கு எதிரே ‘எடு’ வராது. ‘பிடிக்கும்’ என்பதே வரும். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியங்கள் போதும். ஒரு பருவத்தில் இருநூற்றுக்கு மேல் சேர்ந்துவிடும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஹார்ன்பி தொகுத்த அகராதி ஒன்று உண்டு. ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது அந்நாட்டு மாணவர்கள் படும் பாட்டைப் பார்த்து அவர் தொடங்கிய பணி அது. 1942இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாயிற்று. சொல்லுக்கு வாக்கியத்தோடு பொருள் தருவது அதன் சிறப்பு. அதன் பிந்தைய பதிப்பு எதையேனும் நூலகத்தில் கேட்டு வாங்கி, ‘டேக்’ வரும் பக்கங்களை ஒரு மாலைப் பொழுது நிதானமாகப் படியுங்கள்.

முடிவுரை

என்னிடம் வந்த மாணவருக்கு அன்று இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லையே, ஐயா” என்றார். மூன்றாண்டுகள் அவருக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். கட்டுரை நடத்தினேன், செய்யுள் நடத்தினேன், வினாவிடை எழுதச் சொன்னேன். ‘டேக்’ என்பதை மட்டும், தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போனேன்.

ஆங்கிலத்தில் தவற்றைக் குறிக்கும் ‘மிஸ்டேக்’ என்ற சொல்லும் அந்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்தே வந்தது. மாற்றி எடுத்துவிடுதல் என்பது அதன் மூலப் பொருள். மேசைமேல் இருந்த கோப்பை அவர் எடுத்தது அப்படிப்பட்ட ஒன்று. தெரிந்த சொல் என்று நான் எண்ணிக்கொண்டது மற்றொன்று. அவர் அதன்பின் குறிப்பேடு போட்டு, அடுத்து வந்தபோது நாற்பது பக்கங்கள் நிரப்பிக் காட்டினார். முதல் பக்கத்தின் முதல் வரி, ‘ஐ டேக் இட் யூ நோ டைப்பிங்’. எதிரே தமிழில் எழுதியிருந்தார்: ‘தெரியும், ஐயா. ஆங்கிலம் ஹையர்.’